மூளைக்குள் ஒரு பாண்டா முகம்!

கை நடுங்குகிறது என்று யாராவது வந்து உட்கார்ந்தால், எங்களைப் போன்ற சித்த வைத்தியர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வாதம்தான். வாத நோய்கள் எண்பது என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். நடுக்கு வாதம் அதில் ஒன்று. தைலம், சூரணம், தொக்கணம் என்று வைத்தியமும் வரிசையாக வாயில் தயாராக நிற்கும். அந்த வேகம் ஒரு பையனுக்கு எப்படி இடைஞ்சலாய் முடிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், வாசகர்களே. ஸ்கேன் விஷயம் அதிலிருந்தே தானாக வரும்.

2006-ஆம் வருஷம். பதினாறு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.

"வைத்தியரய்யா, பயலுக்குக் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி ஆயிட்டு. பேச்சு கொழகொழன்னு இருக்கு. ராத்திரி தலையணையெல்லாம் எச்சில். எதுக்கெடுத்தாலும் கோவம் வேற" என்றார் அப்பா.

பையன் டம்ளரைத் தூக்கினால் கை தோள்பட்டையிலிருந்தே படபடவென்று அடித்தது. இரண்டு வருஷம் முன்னால் மஞ்சள்காமாலை வந்ததாகவும், கீழாநெல்லி கொடுத்ததில் தெளிந்ததாகவும் அம்மா நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். அதைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. நடுக்கு வாதம் என்று முடிவு கட்டித் தைலமும் பூனைக்காலி விதைச் சூரணமும் எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? "ராத்திரி செம்புக் குடத்துல தண்ணி ஊத்தி வச்சு, காலையில வெறும் வயித்துல ரெண்டு டம்ளர் குடிக்கட்டும்" என்று வேறு சொன்னேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாலு மாசம் கழித்து அப்பா மட்டும் வந்தார். கையில் பெரிய ஸ்கேன் கவர். பையனால் இப்போது சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லையாம். டவுனில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தார். 'இது வில்சன் நோய். செம்புப் பாத்திரத் தண்ணீரை உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.' அவ்வளவுதான். திட்டி ஒரு வரி எழுதியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். "வாங்க சார்" என்று உட்கார வைத்து, ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். அன்று அவரிடமும், அதற்குப் பிறகு பல வருஷம் படித்தும் நான் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஃபிலிமில் தெரிந்தது என்ன?

அரசன் தலைக்குள் புகுந்த தேரையை, மண்டையோட்டைத் திறந்து எடுக்க உதவிய தேரையர் கதை எங்கள் மாணவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கதையோ நிஜமோ, திறந்தால்தான் பார்க்க முடியும் என்ற நிலைமை போன நூற்றாண்டுவரை எல்லா வைத்தியத்துக்கும் பொதுவாக இருந்தது. எம்.ஆர்.ஐ. அதை மாற்றியது. அது எக்ஸ்ரே அல்ல. பூமியின் காந்த சக்தியைப்போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு வலுவுள்ள காந்தக் குழாய்க்குள் உங்களைப் படுக்க வைத்து, ரேடியோ அலையை அனுப்புகிறார்கள். உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கள் அதற்குப் பதில் சொல்கின்றன. அந்தப் பதிலைக் கம்ப்யூட்டர் படமாக்குகிறது.

ஒரே மூளையைப் பல விதமாகப் படம் எடுக்கலாம். அதில் 'டி-2' என்று ஒரு விதம். அதில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். மழை பெய்து ஓதம் ஏறிய சுவரில் ஈரம் படர்ந்த இடம் தனியாகத் தெரியும் அல்லவா, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் காயம்பட்டு, வீங்கி, நீர் கோத்த இடங்கள் எல்லாம் டி-2 படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும்.

மூளையின் அடிப்பகுதியில், நடுவாக, சில முடிச்சுகள் உண்டு. பேசல் கேங்லியா என்று பெயர். கையை நீட்டு, மடக்கு, இவ்வளவு வேகம் போதும் என்று அசைவுகளைச் சீர்படுத்தும் இடம் இதுதான். அதில் ஒரு பகுதியின் பெயர் பூட்டாமென். பக்கத்தில் உள்ள இன்னொரு முடிச்சோடு சேர்த்துப் பார்த்தால் மைசூர்ப் பருப்பு வடிவத்தில் இருக்கும். அந்தப் பையனின் ஃபிலிமில் இரண்டு பக்கத்துப் பூட்டாமெனும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க சார், அதுதான் முதல் துப்பு" என்றார் டாக்டர். ரத்தக்குழாய் அடைத்தாலோ கட்டி வந்தாலோ பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கெடும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கெட்டிருந்தால், ரத்தத்தோடு வந்த ஏதோ ஒரு நஞ்சையோ, பிறவியிலேயே உள்ள குறையையோ சந்தேகப்பட வேண்டும்.

பிறகு இன்னொரு படத்தைக் காட்டினார். மூளைத்தண்டின் மேல்பகுதியைக் குறுக்கே வெட்டினாற்போல் எடுத்த படம். கறுப்புக் கண், வெளுத்த முகம், இரண்டு காது. சீனாவில் இருக்கிற பாண்டா கரடி உட்கார்ந்து நம்மைப் பார்க்கிற மாதிரியே இருந்தது! சுற்றியிருக்கும் பகுதி நோயில் வெளுத்துப்போக, நடுவில் கெடாமல் மிஞ்சிய இரண்டு முடிச்சுகள்தான் கறுப்புக் கண்களாய்த் தெரிகின்றன. 1991-ல் ஜப்பானிய டாக்டர்கள் இந்தப் படத்தைக் கவனித்து எழுதினார்கள். வில்சன் நோயாளிகள் எல்லோருக்கும் இந்த முகம் தெரியாது. தெரிந்துவிட்டால் சந்தேகம் மிகவும் வலுத்துவிடும்.

ஈரல் கெட்டு மூளைக்கு வந்த வினை

கின்னியர் வில்சன் என்ற டாக்டர் 1912-ல் லண்டனில் இந்த நோயை விவரமாக எழுதினார். அன்றைக்கு ஸ்கேன் ஏது? இறந்துபோன இளம்வயதுக்காரர்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது அந்தப் பருப்பு வடிவ முடிச்சுகள் கரைந்துபோயிருந்தன. கூடவே ஈரலும் கெட்டியாய், முடிச்சு முடிச்சாய்ச் சுருங்கியிருந்தது. மூளைக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்பது 1940-களில்தான் தெளிவானது. சம்பந்தம் செம்பு!

நமக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவு செம்பு தேவை. சாப்பாட்டில் அது தாராளமாகவே கிடைக்கிறது. மிச்சத்தை ஈரல் பித்தநீரில் கலந்து வெளியே தள்ளிவிடும. தள்ளுகிற வேலைக்கு ஒரு மரபணு உண்டு. அது இரண்டு பிரதியும் பழுதாகப் பிறந்த குழந்தைக்குச் செம்பு வெளியேறாது. முதலில் ஈரலில் சேரும். அது நிறைந்து வழிந்து மூளைக்கும் கண்ணுக்கும் போகும். அதனால்தான் பையனுக்கு இரண்டு வருஷம் முன்பே காமாலை வந்தது. கீழாநெல்லி அன்றைய காமாலையைத் தணித்திருக்கலாம், உள்ளே சேர்ந்துகொண்டிருந்த செம்பை அது என்ன செய்யும்?

செம்புப் பாத்திரத்தால் இந்த நோய் வருவதில்லை, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஈரல் ஒழுங்காக உள்ளவர்கள் செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் மிச்சச் செம்பு போகிற வழியில் போய்விடும். போகிற வழி அடைத்துக் கிடக்கும் பிள்ளைக்குத்தான் அது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. தாமிரம் சேர்ந்த பற்பம், செந்தூரமும் அப்படியே. சின்ன வயசு நடுக்கத்துக்கு இவற்றைக் கொடுக்குமுன் ஆயிரம் தடவை யோசிக்க வேண்டும் என்று என் சக வைத்தியர்களுக்கும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஃபிலிமை மட்டும் வைத்து டாக்டர் முடிவு செய்யவில்லை. கண் டாக்டரின் விசேஷ விளக்கில் பார்த்தபோது கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் தெரிந்தது. ரத்தத்தில் செரூலோபிளாஸ்மின் என்ற செம்பு சுமக்கும் புரதம் குறைந்திருந்தது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்ததில் செம்பு எக்கச்சக்கம். ஸ்கேன் வழியைக் காட்டும். ஊர் பேரை உறுதி செய்வது இந்தச் சோதனைகள்தான்.

வெளுத்தது வேறு, சுருங்கியது வேறு

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

"மூளையில் மாற்றம் இருக்கு" என்று ரிப்போர்ட்டில் போட்டிருந்தால் வீட்டில் எல்லோரும் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். என்ன மாற்றம் என்று கேட்க வேண்டும். வீக்கமும் நீர்க்கோப்புமா, அல்லது தசை வற்றுவதுபோல் மூளையே வற்றிப்போனதா? ஓதம் ஏறிய சுவர் காயும். இடிந்து விழுந்த சுவர் தானாக எழும்பாது.

வில்சன் நோயில் ஆரம்பத்தில் கண்டுபிடித்துச் செம்பை வெளியேற்றினால், அடுத்தடுத்த ஃபிலிம்களில் அந்த வெள்ளை குறைவதைப் பலரிடம் பார்க்கலாம். பேச்சு திரும்பும். கை நிதானப்படும். தாமதமாகி, செல்கள் செத்து, அந்த இடம் சுருங்கிப்போனால் மருந்தால் அதைத் திருப்பித் தர முடியாது. நான் அந்தப் பையனிடம் வீணாக்கிய நாலு மாசத்தின் கணக்கு இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு பரம்பரை நோய் உண்டு. பெயர் ஹண்டிங்டன். அமெரிக்காவில் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஹண்டிங்டன், 22 வயசு இளம் டாக்டர், 1872-ல் இதைப் பற்றி எழுதினார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே ஊரில் டாக்டர்கள். மூன்று தலைமுறையாய் அதே குடும்பங்களைப் பார்த்ததால்தான் இது வம்சத்தில் இறங்குகிறது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. பெரும்பாலும் 30 வயசுக்கு மேல் 50-க்குள் தொடங்கும். கை, கால், முகம் எல்லாம் தன்னிஷ்டத்துக்கு நெளியும், துள்ளும். குடித்துவிட்டு ஆடுகிறான் என்று ஊர் பேசும். மறதி, கோபம், மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும்.

இதில் வெளுப்பு அல்ல, வற்றல். பேசல் கேங்லியாவில் காடேட் என்று வாலுள்ள ஒரு முடிச்சு. அதன் தலை, மூளைக்குள் உள்ள நீர் அறையின் சுவரில் புடைத்துக்கொண்டு நிற்கும். நல்ல மூளையின் படத்தில் அந்த நீர் அறை இரண்டு வளைந்த கொம்பு மாதிரி இருக்கும். காடேட் வற்ற வற்றப் புடைப்பு தட்டையாகி, கொம்பு போய்ப் பெட்டி மாதிரி ஆகிவிடும்.

இந்தப் பெட்டியைப் பார்க்க அந்தக் காலத்தில் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரை எடுத்துவிட்டு, காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். வால்டர் டேண்டி 1919-ல் கொண்டுவந்த முறை. தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நிற்காது. 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படம் எடுத்ததோடு அந்தச் சித்திரவதை மெல்ல மெல்ல ஒழிந்தது. அவருக்கு 1979-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தகும்!

இப்போது எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. லண்டன், பாரீஸ், லெய்டன், வான்கூவர் ஆகிய நாலு ஊர்களில் 2008-ல் தொடங்கிய 'ட்ராக்' என்ற ஆராய்ச்சியில் 366 பேரைத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். நோய் மரபணு இருந்தும் எந்தக் கோளாறும் தெரியாமல் வேலைக்குப் போய்வருகிறவர்களும் அதில் உண்டு. நோய் தொடங்க இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிடப்பட்டவர்களிடமே அந்த முடிச்சுகள் சிறுத்திருந்தன! 2022-ல் நிபுணர்கள் கூடி ஆராய்ச்சிக்காக வகுத்த புதிய படிநிலையில், மரபணு மட்டும் இருந்தால் பூஜ்யம், ஸ்கேனில் சுருக்கம் தெரிந்தால் ஒன்று, அறிகுறி தெரிந்தால் இரண்டு, அன்றாட வேலை கெட்டால் மூன்று என்று வைத்துவிட்டார்கள். அதாவது உடம்பு பேசுமுன் படம் பேசுகிறது.

அப்படியானால் எல்லோரும் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றுகிறதா?

ஒரு தாயின் கேள்வி

கணவருக்கு ஹண்டிங்டன் என்று உறுதியான ஒரு அம்மா என்னிடம் வந்தார். "ஐயா, எம் பையனுக்குப் பதினாலு வயசு. அவனுக்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்திரவா? ராத்திரி தூக்கமே வரமாட்டேங்கு."

வில்சன் நோயில் அப்பா, அம்மா இருவரிடமும் ஆளுக்கொரு பழுதான பிரதி இருந்தால்தான் பிள்ளைக்கு வரும். நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் ஒரே பழுது சந்திப்பது சுலபம். ஹண்டிங்டனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், இரண்டில் ஒரு பங்கு. பூவா தலையா கதைதான். அந்த அம்மாவின் பயம் நியாயமானது.

ஆனால் நான், "வேண்டாம்மா" என்றேன். வில்சனில் முன்கூட்டித் தெரிந்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம். ஹண்டிங்டனில் துள்ளலைக் குறைக்க டெட்ராபெனசின் போன்ற மாத்திரைகள் உண்டு, மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அந்த முடிச்சு வற்றுவதை நிறுத்திக் காட்டும் மருந்து எதுவும் இன்றைக்கு நம் மருந்துக் கடையில் இல்லை, என் மருந்து அலமாரியிலும் இல்லை. நன்றாக ஓடியாடும் பதினாலு வயசுப் பிள்ளையிடம் அந்தச் செய்தியைக் கொடுத்து என்ன செய்வது? அதனால்தான் அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு இந்த மரபணுச் சோதனையைச் செய்வதில்லை என்று உலகமெங்கும் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த பிறகு அவனே முடிவு செய்யட்டும். தெரிந்துகொள்ள உரிமை இருப்பதுபோல் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. கல்யாணம் பேசுமுன் மரபணு ஆலோசகரிடம் போய்ப் பேசச் சொல்லலாம். ஸ்கேனைக் கொல்லைப்புற வழியாக அந்தச் சோதனை ஆக்கிவிடக் கூடாது.

அந்த அம்மா கணவருக்கு யாரோ சொல்லிப் பூனைக்காலி விதையும் கொடுத்து வந்திருந்தார். அதையும் நிறுத்தச் சொன்னேன். அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா என்ற சத்து உண்டு. பார்க்கின்சன் நடுக்கத்தில் அதற்குப் பயன் உண்டு, ஹண்டிங்டன் துள்ளலையோ அது கூட்டிவிடலாம். பார்வைக்கு இரண்டும் அசைவுக் கோளாறுதான், மருந்து ஒன்றல்ல.

பரம்பரை அசைவு நோய்கள் இன்னும் பல உண்டு. நடக்கும்போது கால் அகட்டித் தள்ளாடும் பரம்பரை அட்டாக்ஸியாக்களில் சிறுமூளை வற்றி, அதன் மடிப்புகளுக்கு இடையே பள்ளம் அகலமாகத் தெரியும். குழந்தைகளுக்கு வரும் இன்னொரு நோயில் மூளை முடிச்சில் இரும்பு சேர்ந்து, கறுப்பு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியோடு புலிக்கண் மாதிரி இருக்கும். ஸ்கேன் டாக்டர்களுக்குக் கற்பனைக்குக் குறைவே இல்லை! ஆனால் பெயர் எதுவாயிருந்தாலும், 40 வயசுக்குள் நடுக்கமோ இழுப்போ பேச்சுக் குழறலோ வந்தவருக்கு வில்சன் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இவற்றில் கைவசம் நல்ல மருந்து இருப்பது அதற்குத்தான்.

ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு

நடுங்கும் உடம்போடு படுத்தால் படம் கலங்கிவிடும். தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள், பயப்பட வேண்டாம். உள்ளே தட்டுகிற சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர், உடம்பில் உலோகத்துண்டு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாலி, தாயத்து, அரைஞாண் எல்லாம் கழற்றத்தான் வேண்டும். பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருஷப் படத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வெளுப்பு குறைகிறதா, சுருக்கம் கூடுகிறதா என்று சொல்ல முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த வசதி உண்டு.

வில்சன் மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெனிசிலமின் மாத்திரையை 1956-ல் ஜான் வால்ஷ் என்ற டாக்டர் கொண்டுவந்தார். செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். சிலருக்கு ஆரம்ப வாரங்களில் நடுக்கம் குறைவதற்குப் பதில் கூடும். இந்தச் சமயத்தில்தான், "இங்கிலீஷ் மருந்து ஒத்துக்கலை ஐயா" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு என்னைத் தேடி வருகிறார்கள். நான் வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். டாக்டர் அளவைக் குறைப்பார், வேறு மருந்துக்கு மாற்றுவார், துத்தநாக மாத்திரையும் இருக்கிறது. தானாக நிறுத்தினால் ஈரல் திடீரென்று கைவிட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆயுசுக்கும் மருந்து சாப்பிட வேண்டிய நோய் இது. ஈரல் கறி, நண்டு, இறால், முந்திரி, சாக்லேட், காளான் ஆகியவற்றை, முதல் வருஷத்திலாவது, தள்ளி வையுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பத்தைந்து வயசுக்கு மேல் ஆகிறது. பேச்சில் லேசான இழுப்பு நின்றுவிட்டது, போகவில்லை. மற்றபடி ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான்.

அவனுக்கு ஒரு தங்கை. அப்போது அவளுக்குப் பதினொரு வயசு, ஒரு குறையும் கிடையாது. ஒரே பெற்றோருக்குப் பிறந்தவள் என்பதால் அவளையும் சோதிக்கச் சொன்னார் டாக்டர். மூளை ஸ்கேன் சுத்தமாக இருந்தது. ரத்தத்திலும் சிறுநீரிலும் நோய் இருந்தது! அன்றே மருந்து தொடங்கினார்கள். அவளுக்கு நடுக்கம் என்ற ஒன்று இன்றுவரை வரவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீர்ச் சோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வழியில் என் வைத்தியசாலையிலும் இறங்கி அதைக் காட்டிவிட்டுத்தான் போவாள்.